பழைய காருக்குக் கிளச்சும் பிளைவீலும் மாற்றுதல்: மலைநாட்டில் ஓட்டுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஓடுகிற டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வேகனின் கிளச்சும் ஹட்டனில் ஓடுகிற அதே வருடத்து வேகனின் கிளச்சும் ஒரே காலம் உழைக்காது. கம்பளையில் புறப்பட்டு றம்பொடை வழியாக நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் ஏறிவிடுகிறோம். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் திரும்பி முடிக்கும்வரை ஏற்றத்தில் அரை கிளச்சில் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேற்றர் வைத்த பழைய இன்ஜினுக்கு இழுவையும் கிட்டத்தட்ட அந்தளவு குறையும். அதை ஈடுகட்ட ஆக்சிலேட்டரைக் கூட்டி, கிளச்சை மெதுவாக விட்டு வண்டியை எடுக்கிறோம். அந்த உராய்வின் சூடு இறங்குவது கிளச் பிளேட்டிலும், அது உரசுகிற இன்ஜின் பக்கத்துக் கனத்த சக்கரமான பிளைவீலிலும்தான்.

அதனால் மலைநாட்டு வண்டிக்கு "பிளேட்டை மட்டும் போட்டுவிடலாம்" என்ற பேச்சு சரிவராது. செலவில் பெரும்பகுதி கியர் பொக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. இறக்கிய பிறகு பிளைவீலைக் கழற்றிப் பார்க்காமல் விடுவது, வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு உளுத்த சட்டத்தை அப்படியே வைத்து மறுபடி ஓடு போடுவது மாதிரி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. புதிய கார்களின் விலையைப் பார்த்தால் கையில் உள்ள பழைய வண்டியை ஒழுங்காகச் செய்து ஓட்டுவதுதான் பலருக்கு வழி.

இங்கே சொல்வது முன்னால் இன்ஜின், பின்சில்லு ஓட்டம் உள்ள கார்களுக்கு. பழைய பின்சில்லு டீஎக்ஸ் வேகன் அதற்கு நல்ல உதாரணம். சனி பி11, மாருதி 800 போன்ற முன்சில்லு ஓட்ட வண்டிகளில் பிளேட், பிளைவீல் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். கியர் பொக்ஸை இறக்கும் முறை வேறு. பழைய சீரிஸ் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் ஆசனத்தையும் தரைத் தகடுகளையும் கழற்றி கியர் பொக்ஸை உள்ளே இருந்து தூக்க வேண்டும். அது தனிக் கதை.

முதலில், கிளச்தானா என்று பாருங்கள்

சமதரையில் இன்ஜின் சூடான பிறகு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுக் கிளச்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. தயங்கித் தயங்கி அணைந்தாலோ, அணையாமலே ஓடினாலோ ஸ்லிப் ஆகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பிளேட்டில் மிச்சம் இருக்கிற உராய்வுப் படையான லைனிங்கும் போய்விடும். பாதையில் பார்ப்பதென்றால், டொப் கியரில் மெதுவாகப் போகும்போது ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் எகிறி வேகம் ஏறாவிட்டால் அதே முடிவு.

சத்தத்தை வைத்தும் பிரிக்கலாம். நியூட்ரலில் நிறுத்தி, பெடலை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சென்று வந்தால், கிளச்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பெயாரிங். மிதிக்காதபோது உறுமி, மிதித்தால் நின்றால் கியர் பொக்ஸிலிருந்து பிளேட்டுக்குள் நுழைகிற இன்புட் ஷாப்டின் பெயாரிங். கிளச் மாற்றி அது போகாது. கியர் போட்டு, பெடலை மிதித்து வைத்திருக்கும்போது மட்டும் வருகிற சத்தம் பெரும்பாலும் அந்த ஷாப்டின் நுனியை இன்ஜின் பக்கம் தாங்குகிற பைலட் பெயாரிங் அல்லது புஷ்.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் பல் உரசுகிறது என்றால் அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம். ஹைட்ரோலிக் கிளச் என்றால் பெடலோடு உள்ள மாஸ்டர் சிலிண்டரோ, கீழே கியர் பொக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்திருக்கலாம். கேபிள் வண்டி என்றால் கேபிள் இழுபட்டிருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிறு செலவில் முடிய வேண்டிய வேலையைப் பெரிய செலவாக்க வேண்டியதில்லை.

சாமான்

பிளேட், அதைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். அதோடு பைலட் பெயாரிங் அல்லது புஷ், இன்ஜினின் கிராங் ஷாப்டுக்கு உரிய பின் ஒயில் சீல், கியர் பொக்ஸின் முன் ஒயில் சீல், கியர் ஒயில். எக்செடி, ஐசின் போன்ற ஜப்பான் பெயர்கள் நம்பகமானவை. அதே காரணத்தால் அந்தப் பெட்டிகளில் போலியும் வரும். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. எங்கே வாங்கினாலும், முடிந்தால் பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் விட்டத்தையும் நடுவில் உள்ள ஸ்பிளைன் பற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மொடலிலேயே இன்ஜின் மாறினால் பிளேட் மாறும். இங்கே ஓடுகிற பழைய கார்கள் பலவற்றில் இன்ஜினோ கியர் பொக்ஸோ இடையில் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும். புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பி சாமான் வாங்க முடியாது.

பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடித்துத் தருகிறவர்களும் உண்டு. நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல லைனிங் அடித்தாலும் வண்டி எடுக்கும்போது உதறும். புது பிளேட் கிடைக்கிறவரை நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இடமும் உயிரும்

மலைநாட்டில் இந்த வேலைக்கு முதல் சிக்கல் சமதரை. சரிவில் நிற்கிற காரின் கீழே ஒருபோதும் போகாதீர்கள். தொழிற்சாலை முற்றம், கோயில் முன்றல், சீமெந்து போட்ட கராஜ், எங்கேயாவது மட்டமான கெட்டியான தரை தேடுங்கள். மழைக்கு ஒதுங்கும் கூரையும் வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை திறந்தவெளியில் இந்த வேலையைத் தொடங்குவது வீண்.

ஜக் தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு நான்கு ஜக் ஸ்டாண்ட். செங்கல், சீமெந்துக் கல், அடுக்கிய கருங்கல் எதுவும் வேண்டாம். சீமெந்துக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். நான்கு பக்கமும் ஏற்றிய பிறகு காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் கீழே போகுமுன் விழட்டும்.

பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கியர் பொக்ஸை இறக்குதல்

படி 1. பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். உள்ளே கியர் லீவரின் ரப்பர் உறையை நீக்கி லீவரை எடுங்கள். துளைக்குள் ஒரு சுத்தமான துணியைத் திணித்து வையுங்கள்.

படி 2. கியர் ஒயிலை வடியுங்கள். வடிகிற ஒயிலில் மினுமினுப்பான தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. துண்டுகளாக இரும்பு வந்தால் கிளச்சுக்கு முன் கியர் பொக்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 3. கியர் பொக்ஸிலிருந்து பின்பக்கம் ஓடுகிற புரொபெலர் ஷாப்ட். பின் டிபரென்ஷலில் அது பூட்டியிருக்கிற இரண்டு பிளேன்ஜிலும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அதே இடத்தில் பூட்டாவிட்டால் பிறகு அதிர்வு வரக்கூடும். ஷாப்டை உருவிய பிறகு கியர் பொக்ஸின் வாலில் மிச்ச ஒயில் கசியும். ஒரு சொப்பிங் பேக்கைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

படி 4. ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார், சைலன்சர் குழாயைப் பிடிக்கிற கிளிப், கிளச் கேபிள் அல்லது ஸ்லேவ் சிலிண்டர், எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே ஓரமாகக் கட்டிவையுங்கள். கழற்றிய பிறகு பெடலை யாரும் மிதிக்கக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

படி 5. இன்ஜினுக்கு முட்டு. கியர் பொக்ஸின் பின் குறுக்குச் சட்டம் கழன்றதும் இன்ஜின் பின்பக்கம் சாயும். ஒயில் சம்ப்பின் கீழே ஒரு பலகை வைத்து, அதன் கீழே ஜக் வைத்துத் தாங்குங்கள். சாயும்போது மேலே ரேடியேற்றர் குழாய் இழுபடுகிறதா, ஃபேன் ரேடியேற்றரில் முட்டுகிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி பின் தகட்டில் இடிக்கிறதா என்று ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். மூடி உடைந்தால் அதைத் தேடவே ஒரு நாள் போகும்.

படி 6. கியர் பொக்ஸை இன்ஜினோடு சேர்க்கிற மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் பொல்ட்டுகள். மேலே உள்ள இரண்டுக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். கீழே உள்ளவற்றைக் கடைசியில் விடுங்கள். பொல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. அட்டைப் பெட்டியில் வட்டம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

படி 7. இதில்தான் பலர் புது பிளேட்டையும் கெடுக்கிறார்கள். இறக்கும்போதும் ஏற்றும்போதும் இதே விதி. கியர் பொக்ஸின் பாரம் ஒரு கணமும் அதன் இன்புட் ஷாப்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான், ஆனால் கியர் விழாது. இரண்டு பொல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் தலை வெட்டிய நீளமான இரண்டு பொல்ட்டுகளைத் திருகி வையுங்கள். கியர் பொக்ஸ் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் பின்னுக்கு வரும். கீழே ஜக், பக்கத்தில் இன்னொரு ஆள். மார்பில் வைத்துத் தூக்குகிற வீரம் வேண்டாம்.

பிரஷர் பிளேட்டும் பழைய பிளேட்டும்

பிரஷர் பிளேட்டின் பொல்ட்டுகளை ஒவ்வொன்றையும் ஒரு சுற்றாக, எதிரெதிராகத் தளர்த்துங்கள். ஒரே பொல்ட்டை முழுக்கக் கழற்றினால் தகடு முறுகும். வெளியே எடுத்த பிளேட்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் குறைந்தது 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது டொயோட்டா மெனுவல்களின் கணக்கு. லைனிங் தடிப்பாக இருந்தும் ஸ்லிப் ஆகியிருந்தால் ஒயில் பட்டிருக்கிறது. மோந்து பாருங்கள்: கந்தக வாடை அடித்தால் கியர் ஒயில், குற்றம் கியர் பொக்ஸின் முன் சீலில். வாடையில்லாத கறுப்பு ஒயில் என்றால் கிராங்கின் பின் சீல். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் ஸ்பிளைனில் துருப்பிடித்து பிளேட் இறுகி நின்றிருக்கலாம்.

பிளைவீல்

டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து முகத்தைப் பாருங்கள். நல்ல பிளைவீல் சாம்பல் நிறத்தில், மெல்லிய வட்டக் கோடுகளோடு இருக்கும். மலையில் அடிபட்டது வேறு மாதிரி. கண்ணாடி போன்ற பளபளப்பு. நீலமும் கருநீலமும் கலந்த புள்ளிகள், அவற்றைச் சுற்றி வைக்கோல் மஞ்சள். முடி மாதிரி வெடிப்புகள். நீலப் புள்ளியில் நகத்தை ஓட்டினால் சில சமயம் அந்த இடம் லேசாக மேடாகவே தட்டுப்படும். அங்கே வார்ப்பிரும்பு சூடாகி, திடீரென்று ஆறி, சுற்றியிருக்கிற இரும்பைவிடக் கடினமாகிவிட்டது. புது பிளேட்டை இதன்மேல் வைத்தால் மேடுகளில் மட்டும் பிடிக்கும், உதறும், அந்த இடங்களே மறுபடி சூடாகும்.

எனது முடிவு இப்படி: பளபளப்பும் லேசான கோடும் மட்டும் என்றால் முகத்தைச் சீர்செய்து போடலாம். நீலப் புள்ளிகள் சில இருந்தால் கிரைண்ட் பண்ணிப் பார்த்து, புள்ளி மறைந்தால் போடலாம். நகத்தில் தட்டுப்படுகிற வெடிப்பு, பொல்ட் துளையை நோக்கி ஓடுகிற வெடிப்பு எதுவாக இருந்தாலும் அதைப் போடக்கூடாது. சுழலும்போது வெடித்தால் பெல் ஹவுசிங்கையும் தரைத் தகட்டையும் பிளந்துகொண்டு கால் பக்கம்தான் வரும்.

கழற்றுமுன் கிராங்குக்கும் பிளைவீலுக்கும் ஒரு அடையாளம் போடுங்கள். சுழலாமல் இருக்க ஒரு தட்டை இரும்பை, பிளைவீலின் விளிம்பில் உள்ள பல் வளையமான ரிங் கியரின் பல்லுக்கும் பெல் ஹவுசிங் பொல்ட்டுக்கும் இடையில் பூட்டுங்கள். ஸ்குரூ டிரைவரைத் திணித்து இன்னொருவரைப் பிடிக்கச் சொல்வது விரல் போகிற வழி. கடைசிப் பொல்ட்டை நாலு சுற்று உள்ளேயே விட்டு, பிளைவீலை ஆட்டித் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிறகு எடுங்கள். சிறிய காரின் பிளைவீலும் முகத்தில் விழுந்தால் போதும்.

சீர்செய்யக் கொடுக்கும்போது "லேத்தில் ஒரு வெட்டு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். லேத் கத்தி கடினமான புள்ளிகளின் மேல் ஏறி இறங்கிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மேடு அப்படியே இருக்கும். கல் வைத்து அரைக்கிற கிரைண்டர்தான் அதற்குச் சரி. இன்ஜின் வேலைகள் செய்கிற பெரிய இடங்களில் அது இருக்கும். கண்டிவரை போகவேண்டி வந்தாலும் போங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள். பிளேட் உரசுகிற முகமும் பிரஷர் பிளேட் பூட்டுகிற முகமும் ஒரே மட்டத்தில் இருந்தால், பிரஷர் பிளேட்டை இடத்தில் நிறுத்துகிற டவல் பின்களைக் கழற்றி இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். இரண்டு முகமும் வேறு வேறு மட்டத்தில் உள்ள, படி வைத்த பிளைவீல் என்றால் மேல் படியிலும் கீழ்ப் படியிலும் அதே அளவு. உரசுகிற இடத்தை மட்டும் குழித்தால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறையும், புது பிளேட்டும் ஸ்லிப் ஆகும். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. மெனுவலில் உள்ள குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போனால் வேறு பிளைவீல் தேட வேண்டியதுதான். புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் வருகிற இரட்டைப் பிளைவீலைப் பொதுவாக அரைப்பதில்லை, இந்தப் பழைய கார்களில் அது இல்லை.

ரிங் கியரையும் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் அந்த இரண்டு இடத்துப் பற்களையே தின்னும். சில சமயம் ஸ்டார்ட் பண்ணும்போது வெறுமனே சுழன்று "கர்ர்" என்றால் அதுதான். ரிங் தனியாகக் கிடைத்தால் சூடேற்றி இறக்கி மாட்டலாம். பல்லின் சாய்வு வெட்டு ஸ்டார்ட்டர் பல் நுழைகிற பக்கம் இருக்க வேண்டும்.

அரைத்து வந்த முகத்தை நம் ஊர் ஈரம் ஓர் இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும். மெல்லிய ஒயில் தடவி, தாளில் சுற்றி வையுங்கள்.

சீலும் பைலட் புஷ்ஷும்

பிளைவீல் வெளியே இருக்கும்போது கிராங்கின் பின் சீலைக் கசிந்தாலும் கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

பைலட் புஷ்ஷைப் பிடுங்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் பாண் போதும். நனைத்த பாணை உருட்டித் துளைக்குள் நிறையத் திணித்து, துளைக்குச் சரியாக நுழைகிற ஒரு இரும்புக் கம்பியை வைத்து சுத்தியலால் தட்டுங்கள். மறுபடி திணியுங்கள், தட்டுங்கள். பின்னால் போக இடமில்லாமல் பாண் புஷ்ஷை வெளியே தள்ளும். கிரீஸிலும் இது நடக்கும், ஆனால் முகமெல்லாம் கிரீஸ் தெறிக்கும். புது புஷ் வெண்கலத்தூளில் செய்தது என்றால் இரவு முழுக்க இன்ஜின் ஒயிலில் ஊறவையுங்கள். கிரீஸ் வேண்டாம், அது நுண்துளைகளை அடைக்கும்.

பூட்டுதல்

பிளைவீலை அடையாளம் பார்த்து வைத்து, பொல்ட்டுகளை எதிரெதிராக, டோர்க் ரெஞ்சில் மெனுவல் சொல்கிற அளவுக்கு இறுக்குங்கள். சில இன்ஜின்களில் இந்தத் துளைகள் கிராங் கேஸுக்குள் திறந்திருக்கும்; அவற்றில் மறையில் சீலன்ட் போடாவிட்டால் ஒயில் மெதுவாக ஊர்ந்து பிளேட்டுக்கு வரும். டயல் கேஜ் இருந்தால் முகத்தின் ஆட்டத்தைப் பாருங்கள். டொயோட்டாவின் பல மெனுவல்கள் 0.1 மில்லிமீற்றருக்கு மேல் விடுவதில்லை. கூடுதலாக வந்தால் பெரும்பாலும் கிராங் முகத்தில் ஒட்டியிருக்கிற துருவோ பழைய அழுக்கோதான் காரணம்.

முகத்தைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் தடவியிருக்கிற ஒயிலையும் துடைக்க வேண்டும். அதன்பிறகு லைனிங்கை விரலால் தொடாதீர்கள். பிளேட்டில் பிளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால் நடு ஹப் புடைத்திருக்கிற பக்கம் பொதுவாக கியர் பொக்ஸை நோக்கி. திருப்பிப் போட்டால் ஸ்பிரிங் வீடு பிளைவீல் பொல்ட்டில் உரசும்.

பிளேட்டை நடுவில் நிறுத்த அலைன்மென்ட் கம்பி வேண்டும். பழைய கியர் பொக்ஸின் இன்புட் ஷாப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மரக்கட்டையைக் கடைந்தும் செய்யலாம். பிரஷர் பிளேட் பொல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 8 மில்லிமீற்றர் பொல்ட்டுக்கு டொயோட்டா சொல்வது 19 நியூட்டன் மீற்றர் அளவு. கம்பியை உருவி மறுபடி நுழைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கியர் பொக்ஸும் போகும்.

இன்புட் ஷாப்டின் ஸ்பிளைனில் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிதாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். ரிலீஸ் ஃபோர்க் தங்குகிற குமிழிலும் கொஞ்சம். அதிகம் வைத்தால் சுழற்சியில் தெறித்து லைனிங்குக்குத்தான் போகும்.

கியர் பொக்ஸ் ஏறும்போது கடைசி ஒரு அங்குலம் அடம்பிடிக்கும். பொல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், பெல் ஹவுசிங்கின் காது உடையும். கியர் ஒன்றைப் போட்டு வால் பக்கம் ஷாப்டைச் சிறிது சுழற்றினால் ஸ்பிளைன் பல் சேர்ந்து தானாக உள்ளே போகும். மற்றதெல்லாம் கழற்றிய வரிசையின் தலைகீழ். கியர் ஒயில் பழைய வண்டிகளுக்கு ஜிஎல்-4 தரம் பாதுகாப்பு; பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அதுதான் ஒத்துவரும்.

பெடல்

ஹைட்ரோலிக் என்றால் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஆசனத்தில், ஒருவர் கீழே. "மிதி தம்பி." "மிதிச்சிட்டேன் அண்ணே." ஸ்லேவ் சிலிண்டரில் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் "விடு." இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே வரும். பெடல் முனையில் 5 முதல் 15 மில்லிமீற்றர்வரை வெற்று ஆட்டம் பல டொயோட்டாக்களுக்கு உரியது. கேபிள் வண்டியின் அளவு வேறு, மெனுவலைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் வைத்தால் ரிலீஸ் பெயாரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், பிளேட்டும் முழுதாகப் பிடிக்காது.

முதல் ஓட்டம்

புது லைனிங் பிளைவீலோடு படிந்துவர 300 முதல் 500 கிலோமீற்றர்வரை ஆகும். அதுவரை நின்று நின்று போகிற சாதாரண ஓட்டம் நல்லது. நுவரெலியா நகரத்துக்குள், கிரகரி ஏரிப் பக்கம் என்று மட்டமான பாதைகளில் ஓட்டுங்கள். அந்த நாட்களில் வண்டி நிறைய ஆள் ஏற்றி றம்பொடை ஏற்றத்தில் போகாதீர்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பரில் தொடங்குகிறது, ஏப்ரலில் நுவரெலியா சீசன். அந்த நெரிசலுக்கு வண்டி தேவை என்றால் ஒரு மாதம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியை ஹேண்ட் பிரேக் பிடிக்கட்டும், கிளச் பிடிக்கக்கூடாது.

500 கிலோமீற்றர் ஆனதும் பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துவாரத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், ஈரம் இருக்கக்கூடாது. கேபிள் வண்டியில் பிளேட் தேயத் தேய பெடலின் வெற்று ஆட்டம் குறையும், சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஹைட்ரோலிக் வண்டியில் பிளேட் தேய்ந்தால் கிளச் ஒயில் டப்பாவில் மட்டம் சிறிது ஏறுமே தவிர இறங்காது. இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது, ஸ்லேவ் சிலிண்டரின் உறையை விலக்கிப் பாருங்கள்.